வியாழக்கிழமை மாவு

நாளொன்றுக்கு மூன்றரை மீட்டர் மலையைத் தின்கிறோம்.
பாறை எங்கே பொறுக்கும், எங்கே சரியும் என்று
முன்கூட்டிச் சொல்வது என் வேலை.
ரிக்கோட்டிச் சுரங்கத்தில்
ஐம்பத்திரண்டு ஆண்கள், அவர்களுக்குச் சமைக்க ஜும்பேர்,
பிறகு நான்.

தலைமைப் பொறியாளர் நாற்காலி காலி என்று
கெலா சொன்னபோது
அவர் முடிக்கும் முன்பே 'வேண்டும்' என்றேன்.
பதினாறு வருடமாக வேண்டும்.
வாரத்தில் ஐந்து இரவு மலையிலேயே தங்க வேண்டும் என்பதை
அதன் பிறகுதான் சொன்னார்.

திபிலீசியில் விருந்து வைத்தார்கள்.
'அப்பாடா, அடுப்படியிலிருந்து விடுதலை!'
என்று கோப்பையை உயர்த்தினாள் மக்வாலா.
எல்லோரும் குடித்தார்கள். நானும் குடித்தேன்.
அவளிடம் எப்படிச் சொல்வேன்,
அங்கே என்னை யாரும் கட்டிப்போடவில்லை என்று?
வால்நட்டை இரண்டாம் முறை அரைக்கையில்
எண்ணெய் கசிந்து கல் வழுக்குமே, அந்தக் கணத்துக்காக,
நாலு தட்டும் ஒரே நேரத்தில் சத்தமிடும்
அந்த ஒன்றரை நிமிடத்துக்காக
நானாகத்தான் போய் நின்றேன்.

முதல் வாரம் வாஜா படம் அனுப்பினான்:
நடுவில் இடிந்து, ஓரம் கருகி, ஒரு கச்சாபுரி.
நிலச்சரிவு என்று பதில் போட்டேன். சிரித்தோம்.
இரண்டாம் வாரம் படம் வரவில்லை.
மூன்றாம் வாரம் தொலைபேசியில் கேசாரியா,
வாய் நிறைய எதையோ மென்றபடி:
'அம்மா, அப்பா போட்டால் விளிம்பு மொறுமொறுன்னு இருக்கு.'

பாறையின் அசைவை
மில்லிமீட்டரில் பத்திலொரு பங்குவரை அளக்கும் கருவி
என்னிடம் இருக்கிறது.
அன்று எனக்குள் நகர்ந்ததை
அது காட்டவில்லை.

திங்கள் இரவு முகாம் சமையலறைக்குப் போனேன்.
ஜும்பேர் கரண்டியை மறைத்துக்கொண்டார்.
'உங்களுக்கு வேறு வேலை இல்லையா, தினாத்தின்?'
'இருக்கிறது. இதுவும்.'
பெரிய பானையில் மொச்சை வேகவைத்து,
கொத்தமல்லியைக் கையாலேயே கிள்ளிப் போட்டேன்.
ஐம்பத்திரண்டு பேர் பேசாமல் தின்றார்கள்.
ஒருவன் மட்டும் உப்பு கேட்டான்.
அவன் சொன்னது சரிதான்.

வியாழன் இரவு பதினொன்றுக்கு வீடு.
நகக்கண்ணில் கல்தூள்; மூன்று முறை சோப்பு போட்டேன்.
எல்லோரும் உறங்க, மாவைப் பிசையத் தொடங்கினேன்.
வாஜா கதவோரம் வந்து நின்றான்.
'படுத்துக்கொள்ளக் கூடாதா?'
'கூடாது.'
அதற்கு மேல் கேட்கவில்லை.
தயிர்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு
நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.

பிசைந்து மூடிவைத்த பிறகு போன் அடித்தது.
ஆயிரத்து நூற்று நாற்பதாவது மீட்டரில் தண்ணீர்.
திரையை முழங்கையால் அழுத்தி,
மாவுக் கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு பேசினேன்:
ஆட்களை வெளியே எடு.
சிமெண்ட் கரைசலை மெதுவாகச் செலுத்து.
அழுத்தம் ஆறைத் தாண்ட வேண்டாம்.
நான் வருகிறேன்.

வருகிறேன் என்றுதான் சொன்னேன்.
வெள்ளி மதியச் சாப்பாட்டு மேசை
என் முதுகுக்குப் பின்னால் காலியாக நின்றது.

மாவைக் கத்தியால் வெட்டினேன்.
சரிபாதி இல்லை.
எந்தப் பங்கு பெரிது என்று நான் பார்க்கவில்லை.
ஒன்றை அடுப்பருகே வைத்து
வாஜாவின் சட்டைப்பையில் சீட்டு செருகினேன்:
'விளிம்பை நீயே பார்த்துக்கொள்.'
மற்றதைக் கிண்ணத்தோடு
காரில் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.

நகர எல்லை தாண்டுமுன் கார் கீச்சிட ஆரம்பித்தது.
பக்கத்தில் ஆள் இருக்கிறதாம், பெல்ட் போடவில்லையாம்.
ஓரமாக நிறுத்திப்
போட்டுவிட்டேன்.

கணவாய் ஏறும்போது இன்னும் விடியவில்லை.
துணிக்கு அடியில் அது
பொங்கிக்கொண்டிருந்தது.